விட்ட ஆட்டமும் தொட்ட ஆட்டமும்



விட்ட குறை, தொட்ட குறை என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. என்றோ பாதியில் நின்றுபோன ஒன்று, ஆண்டுகள் பல கழிந்த பின்னும் நம்மைத் தேடி வந்து கையைத் தொடும் என்பது அதன் கருத்து. உறவுக்கும் வினைப்பயனுக்கும் சொல்லும் அந்தச் சொல்லை இன்று ஒரு சிறிய காரியத்துக்குப் பொருத்திப் பார்க்கப் போகிறோம். அந்தக் காரியம் வீடியோ விளையாட்டு.

சிரிக்க வேண்டாம். நம் மக்களிடையே இந்தக் குறை உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1980களில் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், காசு போட்டால் ஆடும் பெட்டிக்கு முன்னால் நின்றவர்கள் சிலர். 1990களில் மைக்ரோ ஜீனியஸ் என்னும் தைவான் நாட்டுப் பெட்டியைத் தொலைக்காட்சியில் செருகி, அண்ணன் தம்பிகளோடு முறை வைத்து ஆடியவர்கள் பலர். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய கையடக்கக் கட்டை விளையாட்டை, லயத்து வாசலில் உட்கார்ந்து மின்கலம் தீரும்வரை ஆடியவர்கள் இன்னும் பலர். பிறகு அவர்கள் பால் வெட்டப் போனார்கள். செம்பனைக் குலை அறுக்கப் போனார்கள். தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வாழ்க்கை ஓடியது. விளையாட்டு தானாக விட்டுப் போயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, எல்லாரும் வீட்டோடு இருக்க நேர்ந்தபோது, பிள்ளைகளின் கைத்தொலைபேசியை வாங்கி மறுபடியும் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

அப்படித் தொட்டவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "இது நாங்கள் ஆடிய ஆட்டம் இல்லையே!"

படம் மெருகேறிவிட்டது, ஓசை கூடிவிட்டது என்று காரணம் சொல்லலாம். அது வெளித்தோற்றம். உள்ளே மாறியிருப்பது வேறு. ஆட்டம் எப்போது முடிகிறது, காசு எப்போது போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அன்றைக்கு இருந்த பதில் வேறு, இன்றைக்கு இருக்கும் பதில் வேறு. அந்தப் பதில்கள் மாறிய வரலாற்றைத்தான் சொல்ல வந்தேன்.

முதன்முதலில் இந்த விளையாட்டுக்குக் காசே கிடையாது. 1958ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ யார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் அணு ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற அறிவியலர், ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வரும் பொதுமக்கள் சலிப்படையாமல் இருக்கட்டும் என்று, மின் அலைகளைக் காட்டும் கருவியின் சின்னத் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். அடுத்த ஆண்டும் அதைக் காட்டிவிட்டு, உதிரி பாகங்கள் வேறு வேலைக்கு வேண்டும் என்று பிரித்துப் போட்டுவிட்டார்கள்! 1962இல் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞரும் நண்பர்களும், பி.டி.பி.-1 என்ற பெரிய கணினியில் விண்வெளிக் கப்பல் சண்டை ஒன்றை எழுதினார்கள். ஸ்பேஸ்வார் என்பது அதன் பெயர். அந்தக் கணினியின் விலை ஒரு லட்சம் டாலருக்கும் மேல். காசு போட்டு ஆடும் பெட்டியாக அதை ஆக்கினால் யாருக்குக் கட்டும்?

மலிவான மின்னணுப் பாகங்கள் வந்த பிறகுதான் கட்டியது. 1972இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஆல்கார்ன், பழகிக்கொள்வதற்காகக் கொடுத்த முதல் வேலையாக ஒரு பந்தாட்டத்தைச் செய்தார். அதுதான் பாங். கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் அந்தப் பெட்டியைச் சோதனைக்கு வைத்தார்கள். சில நாளில் பெட்டி ஓடவில்லை என்று கடைக்காரர் கூப்பிட்டார். ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், பழுது ஒன்றும் இல்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு உள்ளே போக இடமில்லாமல் நின்றிருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். காசு போட்டு ஆடும் பெட்டியை வாங்கி வைக்கும் கடைக்காரருக்கு என்ன வேண்டும்? ஒரு பெட்டிக்கு முன் ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர்தான் நிற்க முடியும். அவர்கள் ஒரே காசில் அரை மணி நேரம் நின்றால் கடைக்காரருக்கு நட்டம். ஆகவே ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும். ஆனால் ஆடியவருக்கு, "இன்னும் கொஞ்சம் கவனமாக ஆடியிருந்தால் தப்பியிருப்பேன்" என்ற எண்ணமும் வர வேண்டும். அப்போதுதான் அடுத்த காசு விழும். அந்தக் காலத்து ஆட்டங்கள் எல்லாம் இந்த ஒரு கணக்கில் பிறந்தவை. மூன்று உயிர், அதன்பின் 'ஆட்டம் முடிந்தது' என்ற எழுத்து. கண்டிப்பான கணக்குத்தான், ஆனால் ஒளிவு மறைவு இல்லாத கணக்கு. என்ன போட்டோம், என்ன கிடைத்தது என்பது ஆடுபவருக்குத் தெரியும். சட்டைப்பையில் காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமொஹிரோ நிஷிகாதோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இந்தக் கணக்கை உலகெங்கும் கொண்டு போயிற்று. மேலேயிருந்து 55 வேற்றுலகப் பிராணிகள் ஐந்து வரிசையாக இறங்கி வரும். நாம் கீழிருந்து சுட வேண்டும். ஆடியவர்களுக்கு நினைவிருக்கும்: ஆட்கள் குறையக் குறைய, எஞ்சியவை வேகம் பிடிக்கும். கடைசி ஒன்று பேய் வேகத்தில் ஓடும். வேண்டுமென்று அப்படி வைத்தார்கள் என்று நினைத்திருப்போம். இல்லை. அன்றைய கணிப்பொறி அந்தப் பிராணிகளை ஒவ்வொன்றாகத்தான் நகர்த்தும். விடியற்காலைப் பிரட்டில் 55 பேர் நின்றால் கிராணியார் பெயர் கூப்பிட்டு முடிக்க நேரம் பிடிக்கும். ஐந்து பேர் நின்றால் நொடியில் முடிந்துவிடும் அல்லவா? அதே கதைதான். பொறியின் பலவீனத்தால் வந்த வேகம் அது. நிஷிகாதோ அதைக் கண்டார், ஆட்டம் சூடு பிடிக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். அந்த ஆட்டத்தால் ஜப்பானில் நூறு யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது; மெய்யென்று காட்டச் சான்று இல்லை.

1980இல் பாக்-மேன் வந்தது. நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானி, சுடுவதும் கொல்லுவதுமாகவே இருந்தால் பெண்கள் இந்தக் கடைகளுக்கு எப்படி வருவார்கள் என்று எண்ணி, தின்பதையே ஆட்டமாக்கினார். அந்த மஞ்சள் வாயை அறியாதவர் யார்? பெண்களை விளையாட அழைத்த முதல் முயற்சிகளில் ஒன்று என்பதால் அவருக்கு நாம் ஒரு நன்றி சொல்லலாம். நம் பக்கத்துக் கடைகளில் பெண் பிள்ளைகள் போய் நின்று ஆட யாரும் விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டில் ஆடும் பெட்டியின் கதையும் 1972இலேயே தொடங்குகிறது. ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பை மாக்னவாக்ஸ் நிறுவனம் ஒடிசி என்ற பெயரில் விற்றது. 1977இல் அட்டாரியின் வீட்டுப் பெட்டி வந்தது. ஒரு பெட்டி வாங்கிவிட்டால் போதும், விளையாட்டுப் பேழைகளை மாற்றி மாற்றிச் செருகலாம். அமெரிக்க வீடுகளில் அது புயல்போலப் பரவிற்று. பணம் வருகிற இடத்தில் ஆள் கூடுவது இயல்பு. யார் வேண்டுமானாலும் பேழை செய்து விற்றார்கள். பாதிக்கு மேல் பதர். 1982இல் பெயர்பெற்ற ஈ.டி. திரைப்படத்தின் பெயரில் வந்த விளையாட்டை, கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்று ஹாவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஆள் சுமார் ஐந்து வாரத்தில் எழுதி முடிக்க வேண்டியதாயிற்று. விற்காத பேழைகளையும் மற்றச் சரக்கையும் அட்டாரி 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊர்க் குப்பை மேட்டில் கொட்டிப் புதைத்தது. வெறும் வதந்தி என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது பேழைகள் வெளியே வந்தன.

அமெரிக்காவில் வீட்டு விளையாட்டு விற்பனை 1983இல் ஏறக்குறைய 320 கோடி டாலராக இருந்தது, 1985க்குள் 10 கோடி அளவுக்கு விழுந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். ஒரு நாடே விளையாட்டை விட்டது என்று சொன்னால் மிகையில்லை. ஆக, விட்டுப் போவதும் திரும்பி வருவதும் தனி ஆள் கதை மட்டுமல்ல. இந்தத் தொழிலின் கதையும் அதுவே.

திருப்பிக் கொண்டுவந்தது நிண்டெண்டோ. 1889ஆம் ஆண்டு ஜப்பானின் கியோத்தோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய பழைய நிறுவனம் அது. 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. 1985இல் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றது. வீடியோ விளையாட்டு என்று சொன்னாலே அமெரிக்கக் கடைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடும் காலம். ஆகையால் பெட்டிக்குப் பெயரையே மாற்றி, கூடவே ஒரு பிளாஸ்டிக் இயந்திர மனிதனையும் வைத்து, பொம்மை என்ற கணக்கில் கடைக்குள் நுழைந்தார்கள். அனுமதியில்லாமல் யாரும் பேழை செய்ய முடியாதபடி உள்ளே ஒரு பூட்டுச் சில்லையும் வைத்தார்கள். நம் மக்கள் ஆடிய மைக்ரோ ஜீனியஸ் பெட்டி, ஜப்பானிய ஃபாமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். பேழை ஒன்றில் பல ஆட்டங்கள் அடங்கிய அந்த மலிவுச் சரக்கு இல்லாவிட்டால், தோட்டப்புற வீட்டுக்கு இந்த விளையாட்டு வந்திருக்குமா என்பது ஐயமே.

வீட்டுக்குள் வந்ததும் அந்தப் பழைய கணக்கு மாறியது. இங்கே காசு விழும் துளை இல்லை. முழு விலையும் முதலிலேயே போய்விட்டது. ஆகவே ஆட்டம் சீக்கிரம் முடியத் தேவையில்லை; நீண்டால்தான் வாங்கியவருக்குத் திருப்தி. நாள் கணக்கில் ஆடும் கதைகள் வந்தன. ஆனால் பெட்டியை அணைத்தால் எல்லாம் போய்விடுமே? 1986இல் ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட், நிறுத்துகிற இடத்தில் 20 எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரச் சொல்லைக் கொடுக்கும். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியிருந்தால் பல நாள் உழைப்பு பாழ். 1987இல் அமெரிக்காவில் வெளியான செல்டா பேழைக்குள், காசு அளவான ஒரு சின்ன மின்கலத்தை வைத்துவிட்டார்கள். பெட்டி அணைந்திருந்தாலும் நினைவுச் சில்லுக்கு அந்த மின்கலம் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த மின்கலத்தால், விட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒரு சின்ன சோகம் காத்திருக்கிறது. பரணில் கிடந்த பழைய பேழையை இருபது முப்பது ஆண்டு கழித்து எடுத்துச் செருகினால், ஆட்டம் பெரும்பாலும் ஓடும். ஆனால் மின்கலம் என்றோ செத்துப் போயிருக்கும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து எட்டிய அந்த இடம் அழிந்து, முதலிலிருந்து ஆரம்பம். விட்ட இடம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இராது.

திரும்புகிறவர்கள் அடுத்துத் தடுமாறுவது விரலில். அட்டாரிக் கைப்பிடியில் ஒரு குச்சி, ஒரு பொத்தான். ஃபாமிகாமில் சிலுவை வடிவப் பொத்தானும், பக்கத்தில் ஆடுவதற்கு இரண்டு பொத்தானும். 1990இல் வந்த சூப்பர் ஃபாமிகாமில் முகத்தில் நான்கு, தோளில் இரண்டு. பிறகு படம் தட்டையாக இராமல் ஆழமும் கொண்டதாக மாறியது. 1996இல் நிண்டெண்டோ 64 கைப்பிடியில் பெருவிரலால் சுழற்றும் குச்சி வந்தது. 1997இல் சோனியின் பிளேஸ்டேஷன் கைப்பிடியில் அதுவே இரண்டாயிற்று. இடது விரல் ஆளை நடத்த வேண்டும், வலது விரல் கண்ணைத் திருப்ப வேண்டும். படிப்படியாக வந்த பிள்ளைகளுக்கு இது நடை பழகியதுபோல. 1988இல் விட்டுவிட்டு 2008இல் வந்தவர், திரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் சிரிக்கும்போது கோபம் வரத்தான் செய்யும்! இதில் மூளைக் குறைவு ஒன்றும் இல்லை. இடையில் நடந்த பாடங்களுக்கு அவர் வகுப்பில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த உண்மையைத் தொழில்முறையில் ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. 2002இல் நிண்டெண்டோவின் தலைவரான சதோரு இவாதா. தாமே விளையாட்டு எழுதிப் பழகியவர். ஜப்பானில் மக்கள் விளையாட்டை விட்டு விலகுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். மற்ற நிறுவனங்கள் படத்தை இன்னும் மெருகேற்றப் போட்டியிட்ட நேரத்தில், ஆடாதவர்களும் ஆடி விட்டவர்களும் ஏன் கைப்பிடியைத் தொட அஞ்சுகிறார்கள் என்று அவர் கேட்டார். 2006இல் வெளிவந்த வீ என்ற பெட்டி அதற்கு விடை. தொலைக்காட்சிக் குச்சிபோல ஒன்றைக் கையில் பிடித்து, டென்னிஸ் மட்டை வீசுவதுபோல வீசினால் போதும். மேல்நாடுகளில் முதியோர் இல்லங்களில்கூடப் பந்து உருட்டும் ஆட்டத்தை அதில் ஆடினார்கள். பத்துக் கோடிக்கும் மேல் விற்றது. இந்தத் தொழிலின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கேள்வியைத்தான். விட்டவனைக் குறை சொல்லாமல், விட்டதன் காரணத்தைப் பொருளில் தேடிய கேள்வி அது.

ஆனால் நம் வீடுகளுக்கு வீ பெட்டி வந்தது குறைவு. நம் மக்கள் திரும்பிய வழி தொலைபேசி. 1997இல் நோக்கியா நிறுவனத்தின் பின்லாந்துப் பொறியாளர் தனெலி அர்மாந்தோ தொலைபேசிக்குள் பாம்பு ஆட்டத்தை வைத்தார். அதற்குக் காசும் இல்லை, கடையும் இல்லை. பேருந்து வரும்வரை ஆடலாம்; பாம்பு தன் வாலைக் கடித்ததும் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் தொலைபேசிக்குச் செயலிக் கடை திறந்தது. முதலில் சில வெள்ளி விலைக்கு விற்ற ஆட்டங்கள்தாம். 2009 அக்டோபரில் ஒரு விதி மாறிற்று: இலவசமாகக் கொடுக்கும் செயலிக்குள்ளேயும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது. கேட்பதற்கு அற்ப விஷயம். அதன்பின் நடந்ததைப் பார்த்தால், பாங் பெட்டியின் காசுத் துளைக்கு அடுத்தபடியான திருப்பம் அதுவே என்று எனக்குப் படுகிறது.

2012இல் வந்த காண்டி கிரஷ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பெண்கள் பலர் ஆடியது. அதில் ஐந்து உயிர். தோற்றால் ஓர் உயிர் போகும். ஐந்தும் போனால் அரை மணிக்கு ஓர் உயிர் வீதம் காத்திருந்து பெறலாம். காத்திருக்க முடியாவிட்டால் பணம் கட்டலாம். பழைய பெட்டியின் மூன்று உயிர் நினைவுக்கு வருகிறதா? காசுத் துளை திரும்பி வந்துவிட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைக்குக் காசு முதலில் போயிற்று, பிறகு ஆட்டம். இன்றைக்கு ஆட்டம் முதலில் வருகிறது. பழகி, மனம் ஒட்டிக்கொண்ட பிறகு காசு கேட்கிறது. அன்றைக்குப் பையில் இருந்த சில்லறை எல்லை போட்டது. இன்றைக்குத் தொலைபேசியோடு இணைத்திருக்கும் வங்கி அட்டைக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. அதிலும், வெள்ளிக்குப் பதிலாகத் தங்கக் கட்டி, வைரம் என்று வேறு நாணயத்தில் விலை எழுதியிருக்கும். தோட்டக் கடையில் பற்றுப் புத்தகத்தில் எழுதி வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. கையிலிருந்து நோட்டு போகாதபோது செலவு தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கடை வாசலில் காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் ஏதோ ஒரு பொம்மை வரும் பெட்டியைப் பிள்ளைகள் அறிவார்கள். ஜப்பானில் அதற்குக் காச்சா என்று பேர். என்ன பொம்மை வரும் என்று தெரியாது. வேண்டியது வரும்வரை திருகுவார்கள். தொலைபேசி ஆட்டங்களும் இந்த முறையைப் பிடித்துக்கொண்டன. குறிப்பிட்ட பொம்மைகள் எல்லாவற்றையும் திருகிச் சேர்த்தால்தான் பெரும் பரிசு என்ற வகையை ஜப்பானிய அரசு 2012இல் தடுத்தது. இப்படிப் பணத்துக்கு விற்கும் மர்மப் பெட்டிகள் சில, சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு ஒன்றைச் சேர்த்தது. 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதற்கு அவர்கள் வைத்த அளவுகோலையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் தம்மைக் கட்டுப்படுத்த முடியாமல், வேலையும் குடும்பமும் கெடும் அளவுக்கு, பொதுவாக ஓராண்டாவது அப்படியே ஆடிக்கொண்டிருந்தால்தான் அது நோய். இரவு சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் ஆடுகிற அப்பாவை நோயாளி என்று பிள்ளைகள் கேலி செய்ய அதில் இடமில்லை.

இனி, பழைய ஆட்டத்தையே தேடிப் போகிறவர்கள் கதை. 2016இல் நிண்டெண்டோ தன் பழைய பெட்டியை உள்ளங்கை அளவில் செய்து, 30 ஆட்டங்களை உள்ளே வைத்து விற்றது; கடைகளில் வைத்த உடனே தீர்ந்துபோயிற்று. இருந்தாலும் எல்லாப் பழைய ஆட்டமும் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் நூற்றுக்கு 87 பங்கு இன்று கடையில் வாங்க முடியாதவை என்று, விளையாட்டு வரலாற்றுக்கென்றே அங்கு இயங்கும் அறக்கட்டளை ஒன்று 2023இல் ஆய்ந்து சொன்னது. புத்தகத்துக்கு நூலகம் இருப்பதுபோல இதற்கு இல்லை.

பழையதைத் தேடிப் போனவர்களில் டெட்ரிஸ் ஆட்டக்காரர்களின் கதை தனிச் சிறப்புடையது. இரவுச் சந்தையில் வாங்கிய அந்தக் கட்டை விளையாட்டின் தாய்தான் டெட்ரிஸ். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை செய்த அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதினார். உலகமெல்லாம் ஆடியும், 1996வரை அவருக்கு உரிமைப் பணம் என்று ஒன்றும் வரவில்லை. 1989இல் நிண்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு அது வந்தது. அன்று அதை ஆடிய அமெரிக்கப் பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், ஏறத்தாழ மறந்தும்விட்டார்கள். 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், அதே பழைய பெட்டியையும் பழைய குமிழ்த் தொலைக்காட்சியையும் வைத்து ஓர் உலகப் போட்டி நடத்தினார்கள். இருபது ஆண்டுக்கு முந்திய ஆட்டக்காரர்கள் தேடிப் பிடித்து அழைக்கப்பட்டார்கள். ஜோனஸ் நியூபாவர் என்பவர் வென்றார். பிறகும் பலமுறை வென்று, மொத்தம் ஏழு பட்டம் பெற்றார்.

அந்த ஆட்டத்தில் 29ஆம் நிலையை எட்டினால், கட்டைகள் விழும் வேகத்துக்குக் கைப்பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் ஓரத்துக்கு நகர்த்த முடியாது. அதுதான் மனிதனால் ஆகக்கூடிய எல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் திரும்பி வந்து போட்டி நடத்தியதைப் பார்த்து, அந்த ஆட்டம் வெளிவந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு எல்லை என்று யாரும் சொல்லித் தரவில்லை போலும். சிலர் பெருவிரலை நடுங்க வைத்து, நொடிக்குப் பத்து முறைக்கு மேல் தட்டினார்கள். 2018இல் ஜோசப் சேலி என்ற 16 வயதுப் பையன் இறுதி ஆட்டத்தில் நியூபாவரையே வென்றான். தோற்றவர் முகம் சுளிக்காமல் பையனைப் பாராட்டினார். அடுத்து வந்தவர்கள் கைப்பிடியின் முதுகில், மிருதங்கக்காரர் விரல்களை அடுத்தடுத்து உருட்டுவதுபோல உருட்டி, இன்னும் வேகமாக நகர்த்தக் கற்றார்கள். நியூபாவர் 2021இல் 39 வயதில் காலமானார்.

2023 டிசம்பரில், ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் அதே 1989ஆம் ஆண்டு ஆட்டத்தை விரல் உருட்டி ஆடி 157ஆம் நிலைக்குப் போனான். அவ்வளவு உயர்ந்த நிலைகளில் கணக்குப் போடுவதில் அந்தப் பழைய ஆட்டம் தடுமாறிவிடும். கட்டைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன; திரை உறைந்துவிட்டது. மனிதன் ஒருவன் கையால் ஆடி அந்த ஆட்டத்தை முடித்தது அதுவே முதல் தடவை. 34 ஆண்டுகளாக எத்தனையோ பேர் ஆடி, விட்டு, மறுபடி தொட்ட ஆட்டம் அது. சிறுவன் நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, விரல்கள் மரத்துப் போய்விட்டன என்று சொன்னான்.